தூக்கத்தில் கை ஓங்குவது ஏன்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தூக்கத்தில் கத்துவது, உதைப்பது பற்றி நாலு வரி எழுதியிருந்தோம். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், கூடலூர் என்று நீலகிரி மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. உடம்பின் எதிர்ப்பு சக்திக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவரும் தூக்க ஆய்வக நிபுணரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. எழுதியவர்களின் பெயரை வெளியிடவில்லை.

கோத்தகிரி வாசகி: என் வீட்டுக்காரருக்கு 63 வயது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு "விடாதே, அடி" என்று கத்திக்கொண்டு கையை வீசுகிறார். போன வாரம் என் கன்னத்தில் அடி விழுந்தது. எழுப்பினால் கரடி துரத்தியது என்கிறார். பகலில் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசாத மனிதர். மந்திரிக்கச் சொல்கிறார்கள். இது மனநோயா?

மனநோய் இல்லை அம்மா. நீங்கள் எழுதியிருப்பது ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்ற நரம்பு நோயைப் போலத்தான் இருக்கிறது. அவர் ஓங்கிய கை உங்களுக்காக ஓங்கியதல்ல, கரடிக்காக.

தூக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கனவுத் தூக்கம் வந்து போகும். மூடிய இமைக்குள் விழி இங்குமங்கும் ஓடும். ரெம் தூக்கம் என்பது இதுதான். விடியலை நெருங்க நெருங்க இதன் நேரம் நீளும். அதனால்தான் கூச்சல் மூன்று, நாலு மணிக்கு. கனவில் நாம் எவ்வளவு ஓடினாலும் உடம்பு அசைவதில்லை. மூளைத் தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் இருக்கும் ஒரு சிறு நரம்புக் கூட்டம் கீழே சேதி அனுப்பி, கிளைசின், காபா என்ற இரு பொருட்களால் தசைகளை அடக்கி வைத்திருக்கிறது. மூச்சுவிடும் உதரவிதானத்துக்கும் விழித் தசைகளுக்கும் மட்டும் விலக்கு. அந்தக் கூட்டம் பழுதானால் பூட்டு திறந்துகொள்ளும். கனவில் செய்வதைக் கையும் காலும் செய்துவிடும். பிரான்சில் மிஷேல் ஜூவே 1965-ல் பூனைகளின் மூளைத் தண்டில் அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. மனிதர்களிடம் இதைத் தனி நோயாக 1986-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷென்க், மகோவால்ட் என்ற இருவர் விவரித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. நீங்கள் தனி ஆள் இல்லை.

தூக்கத்தில் நடக்கும் வியாதி வேறு. அது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு, தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் வரும். கண் திறந்திருக்கும், எழுப்பினால் மலங்க மலங்க விழிப்பார்கள், காலையில் எதுவும் நினைவிருக்காது. உங்கள் வீட்டுக்காரர் கண்ணை மூடியபடியே அடிக்கிறார், எழுப்பியதும் தெளிந்து கனவைச் சொல்கிறார். வித்தியாசம் அங்கேதான். இரவில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் அச்செடுத்த மாதிரி ஒரே அசைவு வந்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் வரை காத்திருக்காமல் இன்றிரவே செய்ய வேண்டியவை உண்டு. அவருக்குத் தனிப் படுக்கை போடுங்கள். கட்டில் வேண்டாம், நம் ஊர்த் தரை ஈரமும் குளிருமாக இருக்கும் என்பதால் கீழே மரப்பலகை, அதன்மேல் தென்னை நார்ப் பாய், அதற்கும் மேல் மெத்தை. சுற்றிலும் தலையணை அடுக்குங்கள். கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே படுக்க வைக்காதீர்கள். கவாத்துக் கத்தி, அரிவாள், கைத்தடி எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பழக்கத்தில் படுக்கைக்கு அடியில் கத்தி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். மின் ஹீட்டர் மூன்றடிக்கு அப்பால், உதைத்தாலும் கவிழாதபடி இருக்கட்டும்; தூங்கப் போகும்போது அணைத்துவிடுவதே நல்லது. வெந்நீர்ப் பையைப் படுக்கையைச் சூடாக்கியதும் எடுத்துவிடுங்கள், உதைபட்டால் வெடிக்கும். கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது எவருக்குமே ஆகாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்; பிழைத்தவர்களுக்கும் உடல் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியைப் பழுதாக்கிவிடக்கூடும்.

அவர் கத்தும்போது தோளைப் பிடித்து உலுக்காதீர்கள், அந்தப் பிடியே கனவில் கரடியின் பிடியாகிவிடும். கைக்கெட்டாத தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கையைக் கயிற்றால் கட்டுவது வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று இரவு கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அந்தப் படம் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

குன்னூர் வாசகர்: எனக்கு இந்தக் கோளாறு உறுதியாகியிருக்கிறது. மூளையில் உள்ள எதிர்ப்பு செல்கள்தான் காரணம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்ட அமுக்கராச் சூரணம், கஷாயம், கடையில் விற்கும் மாத்திரை எல்லாம் எடுக்கிறேன். சரிதானா?

எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வருகிற நோய் இல்லை இது. ஆகவே கூட்டினால் தீரும் என்பதும் இல்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

உங்களைப் போல, வேறு காரணம் எதுவும் தெரியாமல் ஐம்பதுக்கு மேல் மெல்ல மெல்ல வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அடிப்படைக் காரணம் ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம். நரம்பு செல்லுக்குள் இயல்பாக இருக்க வேண்டிய இந்தப் புரதம் உருக்குலைந்து கட்டிதட்டுகிறது. கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோயிலும் சேர்வது இதே புரதம்தான். கட்டிகள் செல்லை விட்டு வெளியே வந்ததும் மூளையின் காவற்காரர்களான மைக்ரோகிளியா செல்கள் அவற்றை விழுங்கித் துப்புரவாக்க வருகின்றன. அது அவற்றின் கடமை. ஆனால் குப்பை தீராமல் வந்துகொண்டே இருக்கும்போது காவலும் ஓயாமல் விழித்திருக்கிறது. இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்களை விடாமல் சுரக்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல நரம்பு செல்களும் அதில் அடிபட்டு, மேலும் புரதம் வெளியேறுகிறது. ஒன்று மற்றதைத் தூண்டும் சுழல் இது.

காணொளியில் சொன்னது முழுக்கப் பொய்யும் அல்ல. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் பெட் ஸ்கேன் என்ற மூளைப் படச் சோதனை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், நடுக்கமோ இறுக்கமோ இன்னும் தொடங்காத ரெம் கோளாறுக்காரர்களின் மூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில் மைக்ரோகிளியா கிளர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். பார்க்கின்சனில், உடல் அசைவுக்கு உதவும் டோபமின் செல்கள் அழிவது அந்தப் பகுதியில்தான். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், பார்க்கின்சன் நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்கள் இந்தப் புரதத்தின் துண்டுகளை அந்நியப் பொருள் போல அடையாளம் காண்பதைக் காட்டினார்கள். ஆகவே எதிர்ப்பு மண்டலம் மிக முன்கூட்டியே களத்தில் இருக்கிறது. தீ வைத்தது அதுவா, அணைக்க வந்த இடத்தில் சேதம் செய்கிறதா என்பதுதான் இன்னும் தீராத வாதம். எங்களுக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் அடக்கும் மருந்தாவது பயன்படுமா? உங்கள் வகைக்கு ஸ்டீராய்டு தருவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், உள்ளே அடங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பும். யாராவது எழுதிக் கொடுத்தால் எதற்காக என்று கேளுங்கள். அமுக்கராவுக்கும் தூக்கம் வரவழைக்கும் குணம் உண்டு. இந்தக் கோளாறுக்குத் தரும் குளோனாசெபாம் மாத்திரையோடு சேர்ந்தால் மந்தமும் தள்ளாட்டமும் கூடும், சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. எடுப்பதை எல்லாம் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அந்தப் பணத்தில் நல்ல நடைச் செருப்பு வாங்குங்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேர நடை. மேடும் பள்ளமும் உள்ள நம் ஊரில் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டாம். மூளையைக் காக்கும் என்று நாங்கள் தயக்கமில்லாமல் சொல்லக்கூடிய ஒன்று உடற்பயிற்சிதான்.

உதகை வாசகி: அண்ணனுக்கு 44 வயது. இரண்டே மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது. ராத்திரி கத்துகிறான், உதைக்கிறான். பகலில் சொன்னதையே சொல்கிறான். முகத்தின் ஒரு பக்கமும் அதே பக்கத்துக் கையும் நொடிப்பொழுது வெட்டி இழுக்கின்றன, ஒரு நாளைக்குப் பல தடவை. ரத்தத்தில் சோடியம் 124 என்று வந்தது. உப்புக் கூடுதலாகச் சாப்பிடச் சொன்னார்கள். இதுவும் அதே நோயா?

இதழ் கைக்குக் கிடைத்த அன்றே அவரை நரம்பியல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் அம்மா. இது வேறு.

நீங்கள் சொன்ன நான்கும், அதாவது வாரக்கணக்கில் வந்த வேகம், மறதி, முகமும் கையும் சேர்ந்து வெட்டுவது, சோடியம் இறங்குவது, ஒன்றாகச் சேர்ந்தால் எல்.ஜி.ஐ.1 எதிரணு மூளை அழற்சியை உடனே நினைக்க வேண்டும். எதிர்ப்பு மண்டலம் தன் மூளையின் புரதத்தையே எதிரியாக நினைத்து, எதிரணு என்ற பொருளை உண்டாக்கித் தாக்கும் நோய் இது. முன் பதிலில் காவற்காரர் வீட்டுக்குள் வந்த குப்பையோடு போராடுகிறார். இங்கே வீட்டுக்காரரையே அடிக்கிறார். இப்படிப்பட்ட அழற்சியில் ரெம் கோளாறு வருவதையும், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கியதும் அது தணிவதையும் பார்சிலோனா மருத்துவர்கள் 2006-லேயே பதிவு செய்தார்கள். உப்பால் இது தீராது. தீர்க்க வேண்டியது எதிரணுவை.

போனதும் நடக்க வேண்டியவை: மூளை எம்.ஆர்.ஐ., மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி., ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் எதிரணுச் சோதனை. எல்.ஜி.ஐ.1 தண்டுவட நீரில் தப்பிவிட்டு ரத்தத்தில் மட்டும் அகப்படுவது உண்டு; அதனால் இரண்டையும் கேளுங்கள். சோதனைக்கான ரத்தத்தை, பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த எதிரணுக்களான இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஏற்றியபின் எடுத்தால் அடுத்தவர்களின் எதிரணுக்களும் அதில் கலந்திருக்கும், முடிவு குழம்பும். சிகிச்சை வழக்கமாக மெத்தில் பிரெட்னிசோலோன் ஒரு நாளைக்கு 1 கிராம் வீதம் ஊசியில் மூன்று முதல் ஐந்து நாள். தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின், எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள், அல்லது ரத்தத்தின் திரவப் பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றுதல். அறிக்கை வரச் சில நாள் ஆகும். அறிகுறி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. தாமதமானால் மறதி நிலைத்துவிடும்.

இதே நோய்க் குடும்பத்தில் இன்னொன்றையும் எல்லா வாசகர்களும் அறிந்திருக்க வேண்டும். ஐ.ஜி.லான்5 எதிரணு நோய், 2014-ல் பார்சிலோனாவிலிருந்து விவரிக்கப்பட்டது. தூக்கத்தில் கைகால் அசைவோடு, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வரும். அது குறட்டை அல்ல, குரல்வளை சரியாகத் திறக்காத சத்தம். விழுங்கும்போது புரையேறும், நடை தடுமாறும். இது மெதுவாகவும் வரும் என்பதால் வயதானதன் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 10:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அதிகம். மூளையில் டாவ் என்ற இன்னொரு புரதமும் சேருவதால், எதிர்ப்பு மண்டலக் கோளாறும் நரம்புத் தேய்வும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் கூடுதல்.

கூடலூர் வாசகர்: கல்லூரியில் படிக்கும் மகள் வகுப்பிலேயே தூங்கிவிடுகிறாள். சிரித்தால் முழங்கால் துவண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ராத்திரி அமுக்குவான் பேய் அமுக்குகிறது என்கிறாள். சில நாள் கனவில் கையை வீசுகிறாள். தடுப்பூசியால் இப்படி ஆகும் என்கிறார்களே?

சிரித்தால் கால் துவள்வது மிக முக்கியமான தடயம். கேட்டாப்ளெக்சி என்பார்கள். அதோடு பகல் தூக்கமும் சேர்ந்தால் நார்கோலெப்சி முதல் வகை. விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் அழிந்துவிடுகின்றன. அழிப்பது உடம்பின் டி செல்கள்தான் என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாரிடமும் எச்.எல்.ஏ. டி.க்யூ.பி.1 06:02 என்ற மரபணு வகை இருக்கிறது.

அமுக்குவான் பேய் என்பது கனவுத் தூக்கத்தின் பூட்டு, விழித்த பிறகும் திறக்காமல் நிற்பது. கையை வீசுவது, தூங்கும்போதே பூட்டு திறந்துகொள்வது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதால் பொய் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். நார்கோலெப்சியில் பூட்டு இரண்டு பக்கமும் தவறும். இந்த வகை ரெம் கோளாறு பிற்காலத்தில் பார்க்கின்சனாக மாறும் என்ற பயமும் வேண்டாம், வழி வேறு.

தடுப்பூசி பற்றி: 2009-10-ல் பன்றிக் காய்ச்சலுக்காக ஐரோப்பாவில் போட்ட பேண்டம்ரிக்ஸ் என்ற ஒரு குறிப்பிட்ட ஊசிக்குப் பிறகு, ஃபின்லாந்து, ஸ்வீடன் முதலிய நாடுகளில் பிள்ளைகளுக்கு நார்கோலெப்சி கூடியது உண்மை. அந்த ஊசி இப்போது புழக்கத்தில் இல்லை. அதை வைத்து எல்லா ஊசியையும் ஒதுக்குவது ஆபத்து. 1907 முதல் குன்னூர் பாஸ்டியர் நிலையம் வெறிநாய்க்கடிக்காகப் பாடுபட்டிருக்கிற மாவட்டம் நம்முடையது. நாய் கடித்தால் ஊசியைத் தவிர்ப்பவருக்கு வேறு வழியே கிடையாது.

மகளுக்கு ஓர் இரவுத் தூக்க ஆய்வும், மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்க வைத்துப் பார்க்கும் குட்டித்தூக்கச் சோதனையும் வேண்டும். அதுவரை ஸ்கூட்டர் ஓட்ட விடாதீர்கள்; கூடலூர் வளைவுகளில் ஒரு நொடிக் கண்ணயர்வு போதும்.

உதகை அருகே ஒரு கேரட் விவசாயி: வயது 58. ஆறு வருடமாகத் தூக்கத்தில் உதைக்கிறேன். வாசனை தெரிவதில்லை, மலச்சிக்கல் உண்டு. முப்பது வருடம் மருந்து அடித்திருக்கிறேன். என்ன ஆகும் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சொல்கிறோம் ஐயா. 24 மையங்களில் 1,280 பேரைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தக் கோளாறு மட்டும் உள்ளவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6.3 சதவீதம் பேர் பார்க்கின்சனுக்கோ அதன் உறவு நோய்களுக்கோ நகர்கிறார்கள். 12 ஆண்டில் நூற்றுக்கு 73 பேருக்கு மேல். வாசனை இழப்பு அந்த வாய்ப்பைக் கூட்டும். கூடவே, பல ஆண்டுகள் எதுவும் வராமல் இருப்பவர்களும் அதே கணக்கில் இருக்கிறார்கள்.

பூச்சிமருந்துப் பழக்கமும் தலைக்காயமும் உள்ளவர்களுக்கு இந்தக் கோளாறு கூடுதலாக இருப்பதை 2012-ல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. பாராகுவாட் களைக்கொல்லி, ரோட்டினோன் இரண்டும் விலங்குகளின் மூளையில் மைக்ரோகிளியாவைக் கிளப்புவது தெரிந்ததே. இனி மருந்து கலக்கவோ அடிக்கவோ நீங்கள் போக வேண்டாம். அடிப்பவர்கள் ரப்பர் கையுறை, மூக்குக் கவசம், முழுக்கைச் சட்டை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி அடிக்கட்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடம் படுத்தபின் ரத்த அழுத்தம் எடுத்து, எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20-ம் அதற்கு மேலும் இறங்கினால் அதைக் குறித்து வையுங்கள். கையெழுத்து சிறுத்துப்போவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குவது, சட்டைப் பொத்தான் போட நேரமாவது தெரிந்தால் ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம்.

மஞ்சூர் வாசகர்: தூக்க ஆய்வுக்குக் கோயம்புத்தூர் போகச் சொல்கிறார்கள். விரலில் மாட்டும் கருவியை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் போதாதா? மாத்திரை என்ன அளவு?

போதாது. விரல் கருவி ஆக்சிஜனையும் நாடித்துடிப்பையும் மட்டும் பார்க்கும். இந்தக் கோளாறை உறுதிசெய்ய, கனவுத் தூக்கத்தில் தசை தளராமல் இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு மூளை அலை, விழி அசைவு, தாடைத் தசை மூன்றும் பதிவாக வேண்டும்; கால் தசையோடு முன்கைத் தசையிலும் மின்வாய் ஒட்டி, ஒலியோடு வீடியோ எடுக்க வேண்டும். கைக்கு ஒட்டுவதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள், முன்பதிவின்போதே கேளுங்கள். விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பி அனுப்பும் இடம் வேண்டாம். நமக்குத் தேவையானது கடைசி இரண்டு மணி நேரம்தான்.

தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள் மூச்சுக்குத் திணறி எழும்போது அடிப்பதும் கத்துவதும் அப்படியே இந்தக் கோளாறு மாதிரி இருக்கும். அது, காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பேப் கருவியால் அடங்கிவிடும். உதகை உயரத்தில் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே எடுத்த அளவைவிட மேலே இரவு ஆக்சிஜன் இன்னும் இறங்கலாம். சி-பேப் வாங்கினால் மலை உயரத்தைத் தானே கணக்கிடும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

மருந்தில் முதலில் மெலடோனின். படுக்க அரைமணி முன் 3 மில்லிகிராம். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 3 வீதம் கூட்டி 6 முதல் 12 வரை போகலாம். அடங்காவிட்டால் குளோனாசெபாம் 0.25 முதல் 1 மில்லிகிராம். மூச்சடைப்பு, மறதி, விழும் பழக்கம் உள்ளவர்களுக்கு இரண்டாவது ஆகாது. இரண்டுமே அடியையும் காயத்தையும் குறைக்கும். அடியில் இருக்கும் நோயைத் தடுக்காது. அளவை மருத்துவரே நிர்ணயிக்கட்டும்.

பந்தலூர் வாசகி: மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் முதல் தூக்கத்தில் உதைக்கிறேன். நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃப்ளுவாக்சிடின், வென்லாஃபாக்சின், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவை இதைக் கிளப்புவது தெரிந்த விஷயம். எழுதிக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள். புப்ரோபியான் போல இந்தத் தொல்லை குறைவான மருந்துக்கு மாற்ற வழி இருக்கிறது. வீட்டில் குடிப்பவர் யாராவது திடீரென நிறுத்தியதும் இப்படி உதைத்தால் அதுவும் மருத்துவமனைக்குரிய விஷயம், குடி நிறுத்தலை அங்கே மருந்தோடு செய்ய வேண்டும்.